மலை இடது தோளில்: நெல்லை அடிவாரத்தில் இரண்டு நாள் பைக் பயணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் எட்டுப் பத்துப் பேர் ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரு சனி ஞாயிறு, பைக்கில் கிளம்பி மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓரமாகவே தென்காசி வரை போய்த் திரும்புகிறோம். தார்ச் சாலையை முடிந்த மட்டும் தவிர்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் விதி. புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். டீக்கடை வாசலில் நின்று பதில் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன்.

மலைமேல் ஏறுவோம்தானே?

இல்லை. பிறகு ஏமாற்றிவிட்டான் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக இதை முதலில் வைக்கிறேன்.

களக்காட்டிலிருந்து பாபநாசம் வரை தெரியும் மலையின் பெரும்பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988-ல் அமைந்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி உள்ளே நுழைவதே குற்றம். கூகுள் வரைபடத்தில் கோடு தெரிகிறது என்பது அனுமதி ஆகாது. அந்தக் கோடுகளில் பாதி, வனத்துறை ஜீப் போகும் தடம்; மீதி, யானை போகும் தடம்.

எங்களுக்கும் ஆரம்பத்தில் அந்த ஆசை இருந்தது. மலைமேல் இருக்கும் தேயிலைத் தோட்டமான மாஞ்சோலைக்குப் போகிறோம் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிவிட்டு, எந்தக் கடிதமும் வாங்காமல் மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் போய் நின்றோம். காவலர் எங்கள் வண்டிகளையும், ஹெல்மெட்டில் ஒட்டிய கேமராவையும், முழங்கால் கவசங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாம் கொண்டுவந்திருக்கிறீர்கள். அனுமதியை மட்டும் மறந்துவிட்டீர்கள்" என்றார். தப்பு எங்களுடையது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பும்போது, வந்த சாலையிலேயே போகப் பிடிக்காமல் கால்வாய்க் கரையில் வண்டியை இறக்கினோம். அந்தக் கரையில் பத்து கிலோமீட்டர் போன பிறகு மாஞ்சோலையை யாரும் பேசவில்லை. இந்தப் பயணம் பிறந்தது அப்படித்தான்.

மாஞ்சோலையைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் தனியாக ஒரு நாள் ஒதுக்கி, அம்பாசமுத்திரத்தில் வனத்துறையிடம் அப்போதைய விதி என்னவென்று கேட்டு, முறைப்படி போங்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த காடு அது. 2028-ல் அந்தக் கணக்கு முடிகிறது.

மலைமேல் ஏறாத பயணத்துக்கு மலைப் பயணம் என்று பெயரா?

இரண்டு நாளும் மலை உங்கள் இடது தோளிலேயே இருக்கும். காலையில் நீலம், பத்து மணிக்குப் பச்சை, மாலையில் கருநிழல். மேலே போனவனுக்கு மலை தெரியாது. எதிரே இருக்கும் மரம்தான் தெரியும். இது சமாளிப்புப் பதில் என்று நினைத்தால் ஒரு முறை வந்து பாருங்கள்.

அடிவாரம் சமதரை என்றும் எண்ண வேண்டாம். மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஓடையும் ஒரு பள்ளம். பள்ளத்துக்குப் பள்ளம் உருட்டுக்கல். நடுவில் குளங்கள், குளத்துக்குக் கரை, கரைக்கு மறுகால் (உபரித் தண்ணீர் வழியும் இடம்), மறுகாலுக்குக் கீழே சேறு. கை கால் வலிக்க இது போதும்.

வழி எது?

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு கே.டி.சி. நகர் பாலத்தடியில் சேர்கிறோம். நாங்குநேரி வரை நான்குவழிச் சாலை. அந்த 30 கிலோமீட்டரில் சொல்ல ஒன்றும் இல்லை. ஏர்வாடிக்குத் திரும்பியதும் வாழைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. அங்கிருந்து திருக்குறுங்குடி. தேர் வீதியில் ஒரு காபி.

இந்த ஊருக்குப் பைக்கில் வருவதில் ஒரு பொருத்தம் உண்டு. டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தில் முதல் எழுத்து திருக்குறுங்குடிதான். டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1877-ல் பிறந்த ஊர் இது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் ஒவ்வொரு முறையும் தன் பழைய மொபெட்டை இங்கே நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார். வண்டியைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வந்தாராம்.

திருக்குறுங்குடியிலிருந்து களக்காடு வரை சாலையில் போனால் அரை மணி நேரம். நாங்கள் தோட்டங்களுக்கு இடையே உள்ள வண்டிப் பாதைகளிலும் குளத்துக் கரைகளிலும் சுற்றி வருவதால் மதியம் ஆகிவிடுகிறது. முதல் நாளின் உயிர் இந்தத் துண்டுதான். செம்மண், சரள், வாய்க்கால் ஓரக் கரம்பை, கல் பாவிய ஓடைத்துறை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கொடுமுடியாறு அணையின் கீழ்ப்பக்கம் வரை போய்த் திரும்பும் ஒரு கிளையும் உண்டு. களக்காட்டில் சாப்பிட்டுவிட்டு, வடக்குப் பச்சையாறு பக்கமாகச் சுற்றிச் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, இருட்டுவதற்குள் அம்பாசமுத்திரம். இரவு அங்கே.

ஞாயிறு காலை மணிமுத்தாறு. 1958-ல் கட்டி முடித்த அணை. முழுத் தண்ணீர் மட்டம் 118 அடி. பிரதானக் கால்வாய் நாங்குநேரி, திசையன்விளை வறண்ட நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. அதன் கரைத் தடத்தில் கொஞ்ச தூரம். பிறகு பாபநாசத்தில் ஆற்றில் குளியல். சிவசைலம், கடனா நதி, கடையம். பாரதியார் மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்தில் ஒரு டீ. மாலை தென்காசி. ஆலங்குளம் வழியாக இரவு எட்டுக்குள் வீடு. மொத்தம் 250 கிலோமீட்டருக்குள் அடங்கும். இரண்டு நாளைக்கு இது குறைவு என்று தோன்றினால், உங்களுக்கு வேண்டியது நான்குவழிச் சாலை.

எந்த வண்டி வேண்டும்?

ஓடுகிற வண்டி.

விரிவாகச் சொல்கிறேன். 411 சிசி ஹிமாலயன் 199 கிலோ. தடுமாறாமல் போகும், ஆனால் சேற்றில் சாய்ந்தால் நிமிர்த்த இரண்டு பேர் வேண்டும். எக்ஸ்பல்ஸ் 200 இந்தத் தடங்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது: எடை குறைவு, தரைக்கும் என்ஜினுக்கும் இடையே 220 மில்லிமீட்டர் இடைவெளி. புல்லட் வரும், சத்தத்தால் மயில்கள் எல்லாம் முன்கூட்டியே ஓடிவிடும். ஸ்பிளெண்டரில் வந்தவர்கள் ஒருவரும் பாதியில் நிற்கவில்லை. குறுக்கே நீண்டு தாழ்வாகத் தொங்கும் சைலன்சர் உள்ள வண்டியும், வழுவழுப்பான ரேஸ் டயரும் வேண்டாம்.

வண்டி பற்றி எனக்கு இருந்த கர்வம் முழுவதும் ஏர்வாடி அருகே ஒரு குளத்துக் கரையில் போனது. சேற்றில் நான் இரண்டு காலையும் ஊன்றி ஊர்ந்துகொண்டிருந்தேன். பின்னால் விசில் சத்தம். எக்ஸ்.எல். மொபெட் ஒன்றில் ஐந்து ஏத்தன் வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், "அண்ணாச்சி, கொஞ்சம் ஒதுங்குங்கள்" என்றார். ஒதுங்கினேன். அவர் போய்விட்டார். நான் ஒதுங்கிய இடத்திலேயே விழுந்தேன்.

எந்த மாதம்?

தை, ஆவணி. தையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும்; குளங்கள் நிறைந்திருக்கும்; பிசான நெல் பச்சையாக நிற்கும். ஆவணியில் தென்மேற்குக் காற்றின் வேகம் அடங்கத் தொடங்கும்.

ஆனியும் ஆடியும் வேண்டாம். சாரல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கணவாய் வழியாக வரும் காற்று வண்டியைத் தூக்கி அடுத்த ஓரத்தில் வைக்கும். பணகுடி, ஆரல்வாய்மொழிப் பக்கம் அத்தனை காற்றாலைகளைச் சும்மா நட்டுவைக்கவில்லை. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் போகும் நாட்களில் பாபநாசம் சாலையில் வண்டி நகராது. பங்குனி, சித்திரை வெயில் பற்றி நெல்லைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் அறவே கூடாது. மார்கழி பிறந்தும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அடுத்த பொங்கல் கழிந்து நாங்கள் போனபோது, தெரிந்த தடங்களில் பாதி இல்லை. கரை இருந்த இடத்தில் பள்ளம், பள்ளம் இருந்த இடத்தில் மணல் மேடு. அதிலிருந்து, முந்திய வாரம் ஒருவர் போய்த் தடத்தைப் பார்த்துவராமல் கூட்டத்தைக் கிளப்புவதில்லை.

டயரில் காற்றைக் குறைக்க வேண்டுமா? எவ்வளவு?

சாலையில் 28 முதல் 32 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிறவர்கள், மண்ணில் இறங்கும்போது 20, 22-க்குக் கொண்டுவந்தால் டயர் தரையை நன்றாகக் கவ்வும். டியூப் உள்ள டயரில் 18-க்குக் கீழே போக வேண்டாம். கல் இடித்தால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு இரட்டை ஓட்டை விழும். தார்ச் சாலைக்கு வந்ததும் திரும்ப ஏற்றிவிடுங்கள். கைப்பம்பு கூட்டத்துக்கு ஒன்று போதும்.

காற்றைவிடத் தரையைப் படிக்கத் தெரிவது முக்கியம். சரளில் வண்டி கொஞ்சம் அலைபாயும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் விட்டால் தானே நேராகும். மணலில் வேகத்தைக் குறைத்தால் முன்சக்கரம் புதையும். பார்வையைத் தூரத்தில் வைத்து ஆக்ஸிலேட்டரைச் சீராகப் பிடிக்க வேண்டும். உருட்டுக்கல்லில் கால்மிதியில் எழுந்து நின்று, முழங்காலைத் தளர்த்தி, முதல் கியரில் உருட்டிக்கொண்டு போக வேண்டும்.

கரம்பை தனிக் கதை. குளத்தில் படியும் கருப்பு வண்டல் அது. காய்ந்திருந்தால் சிமென்ட் தரை போல இருக்கும். ஒரு தூறல் விழுந்தால் போதும், மேலே எண்ணெய், கீழே பசை. சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் ஏறி, சக்கரம் சுற்றுவதையே நிறுத்திவிடும். களக்காட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு குளத்தடியில் ஆறு வண்டிகளும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. மட்கார்டைக் கழற்றிக் குச்சியால் தோண்டி எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆட்டுக்காரர், "மழை பெய்தால் நாங்களே அதில் நடக்க மாட்டோம்" என்றார். முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டோம். நீங்கள் கேட்கவில்லையே என்றார். அன்றிலிருந்து கேட்கிறோம். ஈரக் கரம்பையைக் கண்டால் சுற்றிப் போங்கள். அதில் ஓட்டுவதற்குத் தனி உத்தி எதுவும் கிடையாது.

ஓடையில் தண்ணீர் ஓடினால்?

இறங்கி நடந்து பாருங்கள். உங்களால் நடக்க முடியாத தண்ணீரில் வண்டி போகாது. முழங்காலுக்கு மேல் ஆழம் இருந்தாலும், கலங்கல் தண்ணீராக இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். மலையில் மழை பெய்தால் அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே ஓடை ஏறும்.

கடக்கும்போது முதல் கியர், ஒரே சீரான வேகம், நடுவில் கிளட்ச் பிடிக்காதீர்கள். தண்ணீருக்குள் வண்டி அணைந்துவிட்டால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்று வடிகட்டி வழியாக உள்ளே தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் தண்ணீரை அழுத்தப் பார்க்கும்; தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். தள்ளிக் கரையேற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கரை உதைத்தோ சுவிட்சைத் தட்டியோ தண்ணீரை வெளியேற்றிய பிறகே மேற்கொண்டு எதையும் செய்ய வேண்டும். இதைச் சொல்லியும் கேட்காமல் ஒருவர் சுவிட்சை அழுத்தினார். அந்த மாதம் அவருடைய சம்பளம் மெக்கானிக்குப் போனது.

யானை, கரடி வருமா?

வரும். அதனால்தான் மாலை ஐந்தரைக்கு மேல் மலையோரத் தடத்தில் யாரும் இருக்கக் கூடாது என்கிறோம். பலர் யானையைக் கண்டு பயப்படுகிறார்கள். கடையம், பாபநாசம் பக்கத்து ஊர்க்காரர்களைக் கேளுங்கள், கரடியைத்தான் சொல்வார்கள். பொழுது சாய்ந்த பிறகும் விடியும் முன்பும் தோட்டங்களுக்கு இறங்கிவரும். கண்ணுக்கு முன்னால் திடீரென மனிதன் நின்றால் கரடி ஓடாது, பாயும். தூரத்தில் கண்டால் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் அது போகும் வரை காத்திருங்கள்.

உண்மையில் எங்களை அதிகம் விழவைத்தது மயில். வேலிக்குள்ளிருந்து நெஞ்சு உயரத்தில் பறந்து குறுக்கே வரும். அதற்கடுத்தது நாய். காட்டுப்பன்றி மூன்றாவது.

என்னென்ன கொண்டுவர வேண்டும்?

கிளட்ச் கேபிள் ஒன்று, கிளட்ச் லீவர் ஒன்று, முன் பின் டியூப், டயர் நெம்பி, ஸ்பார்க் பிளக், கட்டுக்கம்பி, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டைகள். இந்தக் கடைசிச் சாமானைச் சிரிக்காமல் எடுத்து வாருங்கள். உடைந்த இண்டிகேட்டர் முதல் கிழிந்த பை வரை எல்லாவற்றையும் கட்டியது அதுதான். பக்கவாட்டு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க ஒரு தட்டையான பலகைத் துண்டு. இல்லையென்றால் டீ குடிக்கிற நேரத்தில் வண்டி மண்ணில் படுத்துக்கொள்ளும்.

பஞ்சர் எப்படியும் ஆகும். கல்லால் அல்ல, முள்ளால். வேலிக்கு வெட்டிப் போட்ட உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் டயரைத் துளைத்து முனை உள்ளேயே முறிந்து நிற்கும். டியூபை மாற்றுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். விரலால் தடவினால் முள் உங்களுக்கு.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். ஓட்டுநர் உரிமம், வண்டிக் காகிதங்கள், காப்பீடு. முழு ஹெல்மெட், கணுக்காலை மூடும் காலணி, முழங்கால் முழங்கைக் கவசம், கையுறை. செருப்புப் போட்டு வந்தவர்களை நாங்குநேரியிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

பெண்கள் வரலாமா?

வருகிறார்கள். எங்களில் மிகக் குறைவாக விழுந்தவர் ஒரு ஆசிரியை.

செலவு?

பெட்ரோல் எட்டு ஒன்பது லிட்டர். இரவுக்கு அம்பாசமுத்திரத்தில் சாதாரண லாட்ஜ், அறைக்கு மூன்று பேர். சாப்பாடு அவரவர் வயிறு. காடு ஓரத்தில் கூடாரம் போட்டுத் தூங்கலாமா என்று கேட்பவர்கள் கரடி பற்றிய பதிலை மறுபடி படிக்கவும்.

விழுந்து அடிபட்டால்?

பெரும்பாலும் சிராய்ப்பும் தோள்பட்டை வலியும்தான். 20 கிலோமீட்டர் வேகத்தில் விழுவது அப்படித்தான் இருக்கும். கூடுதலாக ஏதாவது ஆனால் 108-க்குச் சொல்லுங்கள். வாய்க்கால் பெயரைச் சொல்லாமல் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். அம்பாசமுத்திரத்தில் அரசு மருத்துவமனை உண்டு. பெரிய அடி என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி. பாம்பு கடித்தால் கீறுவதோ, கயிறு கட்டுவதோ, உறிஞ்சுவதோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

ஊர்க்காரர்கள் ஆட்சேபிப்பார்களா?

காரணம் கொடுத்தால் ஆட்சேபிப்பார்கள். குளத்துக் கரை சாகசத்துக்குப் போட்ட மேடு அல்ல. கீழே இருக்கும் வயல்கள் அதை நம்பித்தான் கிடக்கின்றன. ஈரமான கரையில் சக்கரத்தைச் சுழலவிட்டால் விழும் பள்ளத்தில் அடுத்த மழை புகுந்து கரையை அரிக்கும். கம்பம் நட்டோ முள் வைத்தோ மறித்திருந்தால் திரும்பிவிடுங்கள். மடைமேல் வண்டியை ஏற்றாதீர்கள். அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயும். அதன்மேல் ஓட்டக் கூடாது. வைக்கோல் பரப்பியிருந்தால் ஓட்டவும் முடியாது, வழுக்கும். ஆடுகளோ, வயலுக்கு ஓட்டிப்போகும் வாத்துக் கூட்டமோ எதிரே வந்தால் என்ஜினை அணைத்துவிட்டு நில்லுங்கள்.

சைலன்சரை மாற்றிய வண்டியைக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. வழி கேட்கும்போது ஹெல்மெட்டைக் கழற்றி, வண்டியிலிருந்து இறங்கி, "அண்ணாச்சி, இந்தப் பாதை எங்கே போகிறது?" என்று கேளுங்கள். வழியோடு சேர்த்து இளநீரும் கிடைத்திருக்கிறது.

சாப்பாடு?

இந்தக் கேள்விக்காகவே பாதிப் பேர் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். களக்காட்டில் மதியம் இலைச் சாப்பாடு. அம்பாசமுத்திரத்தில் இரவு புரோட்டா, சால்னா. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்குகிறவர்கள் பையின் மேல்பக்கத்தில் வையுங்கள். அடியில் வைத்து அப்பளத் தூளோடு வீடு போனவரும் உண்டு. ஞாயிறு மாலை செங்கோட்டை அருகே பிரானூர் பார்டர் வரை போய்க் கோழியும் புரோட்டாவும் சாப்பிடுவதா என்று ஒவ்வொரு முறையும் வாக்கெடுப்பு நடக்கும்; ஒருமுறையும் தோற்றதில்லை. தேங்காய்ப்பால் குழம்பான சொதியை மட்டும் ஓட்டலில் தேட வேண்டாம். அது மறுவீட்டு விருந்துக்கு உரியது. யார் வீட்டிலாவது கல்யாணம் ஆக வேண்டும்.

திரும்பிவந்ததும் வண்டியை என்ன செய்வது?

சங்கிலியை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டு எண்ணெய் போடுங்கள். காற்று வடிகட்டியைத் திறந்து தட்டுங்கள்; செம்மண் ஒரு கைப்பிடி விழும். ஸ்போக்குகளை ஒரு ஸ்பேனரால் தட்டிக் கேளுங்கள்; மந்தமாக ஒலிப்பது தளர்ந்திருக்கும்.

வழியில் ஆற்றில் கழுவிக்கொண்டு வந்துவிடலாமே என்று ஞாயிறு மதியம் பாபநாசத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். கூடாது. அங்கே இறங்கும் எண்ணெயைக் கீழே திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்க வேண்டியிருக்கும். வீட்டு வாசலில் நான்கு வாளித் தண்ணீர் போதும். கரம்பை என்றால் ஆறு.